அனி ஊரா, பெண்ணா? அர்மீனிய மொழியில் சிறப்புப்பெயர் தேடிய அனுபவம்

தமிழ் உரையிலிருந்து ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் பிரித்தெடுக்க நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கு, பெரிய எழுத்து உள்ள மொழிகளின் மேல் ஒரு பொறாமை இருக்கும். எனக்கு நிறையவே உண்டு. ‘வெற்றி வந்தது’, ‘வெற்றி வந்தான்’ இரண்டில் எது ஆள் என்று தெரிய, நிரல் வினைச்சொல்லின் வால் வரை போய்த் தடவிப் பார்க்க வேண்டும். செல்வி, மலர், அன்பு, கயல் என்று அகராதிச் சொற்களையே பிள்ளைகளுக்குச் சூட்டுகிற ஊர் நம்முடையது. ஆங்கிலக்காரருக்கு இந்தத் தொல்லை பாதிதான். முதல் எழுத்தே பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா மகள் அர்மீனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கிறாள். சென்ற விடுமுறைக்கு வந்தபோது, தெருப் பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பெருமையில் அர்மீனிய எழுத்துகளை எனக்கு எழுதிக் காட்டினாள். மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் 405-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த 36, இடைக்காலத்தில் சேர்ந்த 2, ஆக 38. ஒவ்வொன்றுக்கும் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் உண்டு. பெரிய எழுத்து என்று கேட்டதுமே என் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. சென்னை அர்மீனியன் தெருத் தேவாலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், உலகின் முதல் அர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-ல் இதே மெட்ராஸில்தான் அச்சானது என்ற நினைப்பு வரும். அதிலுள்ள பெயர்களை என்றைக்காவது பட்டியலிட வேண்டும் என்ற ஆசையும் பழையதுதான். முதலில் இன்றைய மொழியில் கை பழகட்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஐந்து வாரம் ஆனது.

இலக்கணப் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு மகிழ்ச்சி. அர்மீனியர்கள் சிறப்புப்பெயரை ‘ஹாதுக் அனுன்’ என்றும் பொதுப்பெயரை ‘ஹஸாரக் அனுன்’ என்றும் சொல்கிறார்கள். அனுன் என்றால் பெயர், ஹாதுக் என்றால் சிறப்பு, ஹஸாரக் என்றால் பொது. நன்னூல் வகுப்பில் கேட்ட அதே இணை.

அர்மீனிய விக்கிப்பீடியாவிலிருந்து யெரெவான், கியும்ரி, அனி ஆகிய ஊர்கள், இசையமைப்பாளர் அராம் கச்சாத்ரியான், கவிஞர் ஹொவ்ஹன்னெஸ் துமன்யான் பற்றிய கட்டுரைகளில் 120 வாக்கியங்களை எடுத்துக்கொண்டேன். உரையாடல் நடை வேண்டும் என்பதற்காக அக்கா மகள் ஒரு சிறுவர் கதையிலிருந்து 30 வாக்கியங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். மொத்தம் 150. ஒரு விரிதாளில் வரிக்கு ஒரு சொல். பக்கத்தில் ஆள், இடம், அமைப்பு, ஒன்றுமில்லை என்ற நான்கில் ஒரு குறி. கையால் குறியிட்ட பிறகு நிரலை ஓட்டி இரண்டையும் ஒப்பிடுவது திட்டம். 2018-ல் வெளியான பயோநெர் என்ற அர்மீனியத் தொகுப்பும் ஆள், இடம், அமைப்பு என்று இந்த மூன்று வகையைத்தான் வைத்திருக்கிறது. அதில் விக்கிப்பீடியாவிலிருந்து தானாகக் குறியிடப்பட்டது சுமார் 1,63,000 சொல், செய்திகளிலிருந்து கையால் குறியிடப்பட்டது சுமார் 53,400 சொல். என் 150 வாக்கியம் அதற்கு முன் கடுகு. ஆனால் நானே குறியிட்டால்தான் மொழி கைக்கு வரும்.

முதல் நிரலில் ஒரே விதி: வாக்கியத்தின் முதல் சொல்லை விட்டுவிடு, மற்ற இடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல் எதுவானாலும் பெயர். ஓட்டிப் பார்த்தால் ‘அவர்’, ‘ஆனால்’, ‘பிறகு’ எல்லாம் பெயராகி வரிசையில் நிற்கின்றன. அர்மீனிய முற்றுப்புள்ளி புள்ளி அல்ல, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, நம் முக்காற்புள்ளியைப் போல. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் அதற்குத் தனி இடம் உண்டு, எண் 0589. நிரலில் அதைத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் அக்கா மகள் விசைப்பலகையில் கைக்கு எட்டிய சாதாரண முக்காற்புள்ளியை அடித்திருந்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு. விளைவு, கதையின் 30 வாக்கியங்களும் ஒரே நீள வாக்கியமாகி, ஒவ்வொன்றின் முதல் சொல்லும் ‘நடுவில் வந்த பெரிய எழுத்து’ ஆகிவிட்டது. இரண்டு குறியையும் ஒன்றாக்கிய பிறகு வாக்கிய எல்லை சரியாக விழுந்தது.

அடுத்த தவறு அதைவிட அழகானது. அர்மீனியக் கேள்விக்குறி வாக்கியத்தின் கடைசியில் வராது. எந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கிறோமோ அந்தச் சொல்லுக்குள்ளேயே, அழுத்தம் விழும் உயிரெழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வியப்புக்குறியும் அப்படித்தான், கூப்பிடும்போதும் ஏவும்போதும் போடும் அழுத்தக்குறியும் அப்படித்தான். கதையில் ஒரு பாட்டி ‘அராமா வந்தான்?’ என்று கேட்கிறாள். அங்கே பெயர் ‘அராமு’ என்று நிற்கிறது. கேள்விக்குறி ‘ரா’வின் மேல். சொற்களைப் பிரிக்கும் என் வரி, எழுத்தல்லாத எதைப் பார்த்தாலும் வெட்டும். எனவே ‘அரா’ என்றும் ‘மு’ என்றும் இரண்டு துண்டு. குப்பைத் துண்டுகளாக இருந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். ‘அரா’ என்பது அர்மீனியப் புராண மன்னன் ஒருவனின் பெயர், இன்றும் புழக்கத்தில் இருப்பது. அந்த ஒலியுள்ள ‘மு’ மேற்கு அர்மீனிய வழக்கில் ‘ஒரு’ என்று பொருள்படும் சொல். ‘அரா என்ற ஒருவன்’ என்று என் நிரல் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. நானும் அரை நாள் நிம்மதியாக இருந்தேன். இப்போது சொற்களை வெட்டுவதற்கு முன்பே அந்த மூன்று குறிகளையும் உருவி, எந்த இடத்திலிருந்து உருவினேன் என்பதை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

யெரெவான். ஒரு நாட்டின் தலைநகரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத நிரல் எதற்கு என்று நொந்துபோன மாலை ஒன்று உண்டு. நிரலுக்குத் துணையாகக் கொடுத்த ஊர்ப் பட்டியலில் யெரெவான் இருக்கிறது. முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சான தலைப்பிலும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒட்டவில்லை. காரணம் ‘யெவ்’ என்ற கூட்டெழுத்து, யூனிகோடு 0587. ‘மற்றும்’ என்று பொருள்படும் சொல்லும் அதுதான், யெரெவானின் நடுவில் உட்கார்ந்திருப்பதும் அதுதான். இதற்குப் பெரிய வடிவம் கிடையாது. 1922-ல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அர்மீனியாவில் இதைப் பெரிய எழுத்தில் எழுத ‘யெச்’, ‘வெவ்’ என்று இரண்டு எழுத்து போடுவார்கள். யூனிகோடோ பழைய முறைப்படி ‘யெச்’, ‘ஹியுன்’ என்று பிரிக்கிறது. நான் நிரல் எழுதும் பைத்தான் மொழியிடம் யெரெவானைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னால், யெரெவானில் யாரும் எழுதாத ஒரு யெரெவானைத் தருகிறது. தலைப்பில் உள்ளதைச் சிறிதாக்கச் சொன்னால் கூட்டெழுத்து திரும்ப வருவதில்லை. புலம்பெயர்ந்த அர்மீனியர் எழுதும் பழைய எழுத்துக்கூட்டலில் மூன்றாவது வடிவமும் உண்டு. மூன்றையும் ஒரே உருவுக்குக் கொண்டுவர ஆறு வரி எழுதினேன். இந்தத் திட்டத்தில் மிகப் பயனுள்ள ஆறு வரி அவைதான்.

இவ்வளவும் எழுத்தைச் சீராக்கும் வேலை. பெரிய எழுத்தின் வாக்குச்சுத்தம் எவ்வளவு என்று இதற்குப் பிறகுதான் தெரிந்தது. அர்மீனியர், ரஷ்யர் என்ற இனப்பெயர்களும் மொழிப்பெயர்களும் மாதப் பெயர்களும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். நல்லது, அவற்றை நான் தேடவும் இல்லை. அமைப்புகளின் பெயரில்தான் சிக்கல். யெரெவான் அரசுப் பல்கலைக்கழகம் அங்கே ‘யெரெவானி பெதகான் ஹமல்ஸரான்’. மூன்று சொல்லில் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. பெயர் எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிட்டு, எங்கே முடிகிறது என்று சொல்லாமல் கிளம்பிவிடுகிறது. பல்கலைக்கழகம், நூலகம், அமைச்சகம், தெரு, சாலை போன்ற முடிவுச் சொற்களைப் பட்டியலிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டியதாயிற்று. ‘துமன்யான் பொகோத்ஸ்’ என்பது கவிஞர் அல்ல, யெரெவானில் ஒரு தெரு. பொகோத்ஸ் வந்தால் முன்னால் நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் இடம்தான்.

இங்கே என் விரிதாளில் ஒரு நெடுக்கு வரிசை கூடியது. பல்கலைக்கழகப் பெயருக்கு அமைப்பு என்று குறியிட்டால் மூன்று சொல்லும் அதற்குள் வரும். ஆனால் சொல்வகை என்று பார்த்தால் யெரெவான் மட்டுமே சிறப்புப்பெயர். பெதகான் பெயரடை, ஹமல்ஸரான் பொதுப்பெயர். பல மொழிகளுக்கும் பொதுவாக இலக்கணக் குறியிடும் யுனிவர்சல் டிபெண்டென்சீஸ் முறையில் இப்படித்தான் பிரிப்பார்கள். ஆரம்பத்தில் ஒரே வரிசையில் இரண்டையும் திணித்து, எதைக் குறித்தேன் என்று எனக்கே புரியாமல் போய், முதல் 60 வாக்கியங்களை அழித்துவிட்டுத் திரும்பக் குறியிட்டேன். யாராவது இந்த வேலையில் இறங்கினால் முதல் நாளே இரண்டு வரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

கதையில் எல்லாரும் உண்டு முடித்ததும் பாட்டி ‘அனுஷ் லினி’ என்கிறாள். அனுஷ் என்பது நன்றாகத் தெரிந்த பெண் பெயர். துமன்யானின் காவியத்துக்கும், அதிலிருந்து அர்மென் திக்ரன்யான் உருவாக்கி 1912-ல் அரங்கேறிய இசை நாடகத்துக்கும் அதுதான் தலைப்பு. நிரலுக்குக் கொடுத்த ஆள் பெயர்ப் பட்டியலில் இருந்ததால் வாக்கியத் தொடக்கம் என்றும் பாராமல் நிரல் அதை ஆளாக்கியிருந்தது. என் கையாலும் அப்படியே குறித்திருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா மகள் விரிதாளைப் பார்த்துவிட்டு அழைத்தாள்.

“மாமா, அனுஷ் யார்?”

“கதையில் வருகிற பெண்தானே?”

“கதையில் அப்படி யாருமே இல்லை. இங்கே சாப்பிட்டவர்களைப் பார்த்துச் சொல்வது அது. இனிமையாக இருக்கட்டும் என்று அர்த்தம். வீட்டுக்காரப் பாட்டி எனக்கு தினமும் சொல்கிறார். நீங்கள் அதில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறீர்கள்.”

செல்வியும் மலரும் அங்கேயும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. ஹஸ்மிக் என்றால் மல்லிகை, ஷுஷான் என்றால் லில்லி, வஹான் என்றால் கேடயம், அஸாத் என்றால் விடுதலை பெற்றவன். அஸாத் ஓர் ஆறும்கூட. வாக்கியத்தின் நடுவில் வந்தால் பெரிய எழுத்து காப்பாற்றும். முதலில் வந்தால் நாம் இருக்கும் அதே குழியில்தான் அவர்களும்.

குழியிலிருந்து ஏற உதவியது வேற்றுமை உருபு. எழுத்தை நம்பிப் போனவன் கடைசியில் சொல்லின் வாலைப் பிடித்துத்தான் கரையேறினேன். இந்த உருபுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தேன், அதுவே ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தின் ‘the’ போன்ற சுட்டு உருபு மெய்யெழுத்துக்குப் பின் நம் குற்றியலுகரம் போல அரைகுறையாக ஒலிக்கும். ‘அராமு’ என்று எழுதிக்கொண்டேன். அர்மீனியாவில் பேசும் கிழக்கு அர்மீனியத்தில் ஆள் பெயரும் எழுவாயாக வரும்போது இந்த வாலோடுதான் வரும். ‘அராமின்’ என்றால் நமக்கு அராமுடைய. அவர்களுக்கு அராமுக்கு, அல்லது அராமை. ‘யெரெவானும்’ என்றால் நமக்கு யெரெவான்கூட, அவர்களுக்கு யெரெவானில். அந்த ஒட்டுத்தாளைப் பார்த்த என் மனைவி, ‘யெரெவானும் எங்கே?’ என்று கேட்டாள்.

இந்த ‘உம்’ தங்கமான உருபு. ஆட்களுக்கு இது சேராது. அராமினுள் என்று சொல்ல அவர்கள் வேறு சொல்லைத் துணைக்கு அழைப்பார்கள். எனவே பெரிய எழுத்தில் தொடங்கி ‘உம்’ என்று முடிந்தால் இடம் என்று விதி எழுதினேன். உடனே ‘சிர்’ என்று ஓர் ஊர் முளைத்தது. கதையின் ஒரு வாக்கியம் ‘சிரும் எம்’ என்று தொடங்குகிறது. நேசிக்கிறேன் என்று பொருள். நிகழ்கால வினையும் ‘உம்’ என்றே முடியும். பின்னால் எம், எஸ், எ என்று ஒரு துணைவினை வரும். அந்தத் துணைவினைகள் பக்கத்தில் இருந்தால் ஊர் இல்லை என்று திருத்தியதும் சிர் நகரம் வரைபடத்திலிருந்து மறைந்தது.

செயப்படுபொருள்தான் எனக்குப் பிடித்த பகுதி. தமிழில் ‘மரம் வெட்டினான்’ என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம்; ‘முருகன் பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. உயர்திணைக்கு உருபு கட்டாயம். அர்மீனியத்திலும் அதே திணைப் புத்தி வேலை செய்கிறது. ‘பார்த்தேன்’ என்பதற்கு அவர்கள் சொல் ‘தெஸா’. யெரெவானைப் பார்த்தால் ‘யெரெவானு தெஸா’, வெறும் சுட்டு போதும். அராமைப் பார்த்தால் ‘அராமின் தெஸா’, ‘இன்’ வேண்டும். அரராத் என்பது மலைக்கும் பெயர், ஒரு நகரத்துக்கும் மாகாணத்துக்கும் பெயர், ஆண்களுக்கும் வைக்கும் பெயர், 1973-ல் சோவியத் லீக்கும் கோப்பையும் வென்ற கால்பந்துக் குழுவுக்கும் பெயர். ‘அரராத்து தெஸா’ என்றால் மலை. ‘அரராத்தின் தெஸா’ என்றால் அந்தப் பெயருள்ள மனிதர். குழு என்றால் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள் வரும்.

அனி இதை இன்னும் நுணுக்கமாக்கினாள். அனி என்பது 961-ல் பக்ரதுனி அரசின் தலைநகரான ஊர். இன்று இடிபாடுகளாக, அகுர்யான் ஆற்றுக்கு அப்பால், துருக்கியின் கார்ஸ் மாகாணத்தில் நிற்கிறது. அந்த ஊரின் பெயரைப் பெண் குழந்தைகளுக்கு வைப்பது அர்மீனியர் வழக்கம். சொல் உயிரெழுத்தில் முடிவதால் சுட்டு உருபு ‘ன்’ ஆகிவிடும்: அனின். என் விதியோ வாலில் ‘இன்’ என்று பார்த்ததும் அதை வெட்டி, ‘அன்’ என்ற ஆளைக் கண்டுபிடித்தது. இகரம் பெயரின் சொந்தச் சொத்து என்று அதற்குத் தெரியாது. அனி என்ற பெண்ணைப் பார்த்தேன் என்று எழுத இரண்டு இகரம் வேண்டும்: ‘அனி-இன் தெஸா’. ஒரே இகரத்தோடு ‘அனின் தெஸா’ என்றால் ஊரைப் பார்த்தேன். நடுவில் நிற்கும் ஒரே ஓர் எழுத்தில், ஆற்றுக்கு அப்பால் உள்ள இடிபாடு பக்கத்து வீட்டுப் பெண்ணாக மாறுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு தூக்கம் வரவில்லை. ‘பார்’ என்ற வினைக்குப் பதில் ‘நோக்கு’ என்பது போன்ற இன்னொரு வினை வந்தால் மலைக்கும் ‘இன்’ சேரும் என்று மறுநாள் தெரிந்தது. அரராத்தை நோக்கியவர்கள் எல்லாரும் மனிதரை நோக்கியதாகக் குறி விழுந்திருந்தது. வினைச்சொல் பட்டியல் ஒன்று சேர்ந்தது. வெற்றி வந்தானா, வந்ததா என்று பார்க்க வினையின் வாலுக்குப் போன கதைதான் மறுபடியும்.

‘யான்’ விகுதியை வைத்துக் குடும்பப் பெயர் பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தில் எட்டுக்கு வேலை செய்கிறது. ஆனால் ‘அரெவ்ம்த்யான்’ என்றால் மேற்கத்திய, ‘கொவ்கஸ்யான்’ என்றால் காக்கேசிய. வாக்கியத் தொடக்கத்தில் இவர்களும் திருவாளர்களாகிவிடுகிறார்கள். முதல் அதிபர் லெவோன் தெர்-பெத்ரொஸ்யானின் இணைப்புக்கோட்டில் வெட்டாமல் இருக்கவும் ஒரு வரி. தந்தை பெயர் மட்டும் கொஞ்சம் அலைக்கழித்தது. முழுப்பெயராக எழுதும்போது நடுவில் தந்தை பெயர் ஆறாம் வேற்றுமையில் வரும்: அராம் யெகியாயி கச்சாத்ரியான், அதாவது யெகியாவின் மகன் அராம். பல சொல் பெயரில் கடைசிச் சொல் மட்டுமே உருபு ஏற்கும் என்று நான் கற்றிருந்ததால், நடுவில் உருபைக் கண்டதும் நிரல் பெயரை வெட்டி இரண்டு பேராக்கியது. இயற்பெயர், ஆறாம் வேற்றுமை, யான் என்ற வரிசை வந்தால் ஒருவர் என்று எழுதிக்கொடுத்தேன்.

ஐந்தாம் வாரக் கடைசியில் 150 வாக்கியங்களில் 9-ல் மட்டும் என் குறியும் நிரலின் குறியும் முரண்பட்டன. அவற்றில் 3 என் தவறு.

அந்தத் தெம்பில் செவ்வியல் அர்மீனியத்தைத் தொட்டுப் பார்த்தேன். கையில் கிடைத்தது பழைய வேதாகமத்தின் மத்தேயு முதல் அதிகாரம், வம்ச வரலாறு. பெயர்ப் பட்டியலுக்கு இதைவிடச் சுலபமான உரை உலகத்தில் இல்லை. ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்’ என்று போகும். ஓட்டினேன். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, யூதா, பாரேஸ் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். பட்டியலைச் சும்மா ஒருமுறை தமிழ் வேதாகமத்தோடு வைத்துப் பார்த்தபோது ஒருவனைக் காணவில்லை. யூதா பாரேசையும் சாராவையும் பெற்றான். சாரா எங்கே?

பழைய மொழியில் இரண்டாம் வேற்றுமை உருபு பெயரின் தலையில் ஒட்டுகிறது, ‘ஸ்’ என்ற ஒற்றை எழுத்தாக. பெயரின் பெரிய எழுத்து அதற்குப் பின்னால், இரண்டாவது இடத்தில் நிற்கிறது. முதல் எழுத்தை மட்டும் பார்க்கும் என் நிரல் பெற்றவர்களை எல்லாம் பிடித்து, பெற்ற பிள்ளைகளை எல்லாம் விட்டிருந்தது. அடுத்த வரியில் அந்தப் பிள்ளையே தகப்பனாகி உருபில்லாமல் வந்துவிட்டதால் பட்டியல் நிறைந்தது போலத் தெரிந்தது. சாராவின் பிள்ளைகளைப் பற்றி அந்த அதிகாரத்தில் பேச்சில்லை. அவன் ஒரே ஒருமுறை, தலையில் ‘ஸ்’ஸோடு வந்து போனவன்.

‘ஸ்’ஸைச் சேர்த்ததும் சாரா வந்தான். எருசலேமுக்கு என்பதில் பெயருக்கு முன்னால் வரும் ‘ய்’க்கும் இதே விதி. அஸ்தராரின் பக்கங்களை இன்னும் தொடவில்லை.